காத்திருந்த நாளுக்குக் கூலி

2025ஆம் வருஷம் ஆடி மாதத்தில் மூன்று நாள் நான் பாம்பனில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவதற்காக நான் அங்கே போகவில்லை. விருதுநகரில் ரயிலேறி, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் எல்லாம் கடந்து, அந்த வருஷம் ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் கடலைத் தாண்டிப் போய் இறங்கியது, குந்துகால் துறையில் படகேறிக் குருசடைத் தீவைப் பார்த்து வருவதற்காக. எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு தீவு வருகிறது. தீவைப் பார்க்காமலே தீவைப் பற்றி எழுதுகிறவர்களின் வரிசையில் நானும் சேர வேண்டாமே என்று ஒரு வீறாப்பு.

படகு போகவில்லை. காற்று.

காற்று என்றால் எங்கள் ஊரில் புழுதியைக் கிளப்பிக் கண்ணில் போடுகிற ஒன்று; அவ்வளவுதான். பாம்பனில் அது ஒரு அதிகாரி. மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கவில்லை. கரையெல்லாம் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. தென்கடல் பக்கம் போய் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கை வேண்டும்.

"நாளைக்குப் போகலாமா?" என்று துறையில் இருந்த இளைஞனிடம் கேட்டேன்.

"காத்து விட்டாப் போகலாண்ணே" என்றான்.

"எப்போது விடும்?"

"அது நம்ம கையிலயா இருக்கு?"

இந்தப் பதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் சிவகாசிச் சீமையில் பிறந்தவன். எங்கள் ஊரில் நாழிகைக்கு விலை உண்டு. பள்ளிக்கூடத்துப் பாடத்தை ஒரு கண்ணால் படித்துக்கொண்டே தீப்பெட்டிக் கட்டை ஒட்டியவன் நான். கல்லூரியில் பாதியோடு நின்றதற்கும் அந்த நாழிகைக் கணக்குத்தான் காரணம். சும்மா இருக்கும் கையைப் பார்த்தால் எங்களுக்கு ஆகாது. "குட்டி ஜப்பான்" என்று யாரோ எங்களுக்குப் பட்டம் சூட்டிவிட்டுப் போனார்கள். அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு பல வருஷமாக அலைகிறோம். ஆகவே, பட்டப்பகலில் புன்னை மரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, கடலை ஒரு பார்வையும் என்னை ஒரு பார்வையும் பார்த்த அந்த மனிதர்களை நான் மனசுக்குள் சோம்பேறிகள் என்றுதான் நினைத்தேன். நினைத்ததை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த நினைப்பு எவ்வளவு மூடத்தனமானது என்று சொல்வதற்காகத்தானே இதை எழுதுகிறேன்!

இரண்டாம் நாள் ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டியவர். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"தினமும் இப்படி உட்கார்ந்திருந்தால் வயிற்றுக்கு என்ன செய்வீர்கள், ஐயா?"

"கடன்தான் தம்பி. காத்து அடிச்சா வட்டியும் சேர்ந்து அடிக்கும்."

"அப்படியானால் கொஞ்சம் துணிந்து போய்ப் பார்க்கலாமே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை, பச்சைப் பிள்ளை ஏதோ உளறியது போல ஒரு பார்வை.

"படகுக்காரனும் இதே படகுலதான் ஏறுறான் தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வலையின் அடுத்த கண்ணுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மிச்சமிருந்த நேரத்தை நான் கழித்தேன். பாம்பன் நாட்டுப்படகுத் தொழில் பங்குத் தொழில். கிடைத்த மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கிடைக்காத நாளில் எல்லாருக்கும் சேர்த்துப் பட்டினி. காற்றடிக்கும் நாளில் கடலுக்குப் போகச் சொல்கிறவனும் போகிறவனும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகையால் அங்கே காத்திருப்பது ஒரு ஞானம். அது வேதாந்தத்தில் வந்த ஞானம் அல்ல. உயிர் மேல் இருக்கும் பயத்தில் வந்தது. அந்தப் பயம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவில் பங்கு போடப்பட்டிருக்கிறது, விஷயம் அவ்வளவுதான்.

தீவுக்காரர்கள் இதைச் சும்மா கற்றுக்கொண்டுவிடவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் போனது. புயல். தனுஷ்கோடியை நெருங்கும்போது ஸிக்னல் தெரியவில்லை. ரயில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நீளமாக ஊதிவிட்டுக் கிளம்பியது என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். அலை வந்து ரயிலோடு வாரிக்கொண்டு போனது. அதில் இருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே மிஞ்சவில்லை. அந்த டிரைவர் அவசரக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. நல்லவராகவும் கெட்டிக்காரராகவும் இருந்திருக்கலாம். நிற்பதா போவதா என்ற முடிவை அந்த இருட்டில் அவர் ஒருவர் தலையில் சுமத்தியிருந்தார்கள் என்பதுதான் கொடுமை.

பாம்பன் பாலத்தில் இன்று அந்த முடிவு எந்த டிரைவர் தலையிலும் இல்லை. பழைய பாலத்திலேயே இருந்த ஏற்பாடு இது: காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விளக்கு. தாண்டினால் நிற்க வேண்டியதுதான். மந்திரி வந்தாலும் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் நிற்க வேண்டும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாமே" என்று யாரும் காற்றாடியிடம் போய்ச் சிபாரிசு செய்ய முடியாது. ரயிலை நிறுத்தினால் நஷ்டம் வருமே என்று கருவிக்குக் கவலை கிடையாது. நின்ற நேரத்துக்காக டிரைவருக்குச் சம்பளம் பிடிப்பதும் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

சிவகாசிக்குப் பட்டாசு ஏன் வந்தது? 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதையை எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால், கற்று வந்த தொழில் இந்த மண்ணில் வேர்விட்டதற்குக் காரணம் மண்ணின் தரித்திரம். மழை இல்லை, விவசாயம் இல்லை, கூலிக்கு ஆள் உண்டு, குச்சியும் மருந்தும் காய வெயில் உண்டு. வேறு ஊர்க்காரன் வெயிலைத் திட்டினான். நாங்கள் அதை முதலாகப் போட்டு வியாபாரம் செய்தோம். எங்கள் மாடிவீடுகளும் பள்ளிக்கூடங்களும் அச்சாபீஸ்களும் அந்த வெயிலின் வட்டியில் கட்டியவை.

முதலாகப் போட்ட அந்த வெயில்தான் ஆளையும் கொல்கிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் இவையெல்லாம் கலந்த மருந்து, ஈரமற்ற உஷ்ணக் காற்றில் எப்படி இருக்கும் என்று பட்டாசுக் கம்பெனியில் ஒரு வருஷம் வேலை பார்த்த பெண்ணைக் கேட்டால் சொல்வாள். கொஞ்சம் உரசினால் போதும். கலவையைக் காலையிலே குளுமையில் முடித்துவிட வேண்டும், வெயில் ஏறிய பிறகு மருந்தைத் தொடக்கூடாது என்பது தொழில் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் பாடம். ஆனால் பாடம் தெரிந்தவர்கள்தான் சாகிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பட்டாசுக் கம்பெனி காத்திருக்கவே தெரியாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு தூறல் விழட்டும், வேலை நின்றுவிடும். "மழை, சரக்குக் காயாது, வீட்டுக்குப் போங்க" என்று வேனைத் திருப்பிவிடுவார்கள். அதாவது, சரக்குக்குக் கெடுதல் என்றால் காத்திருக்கத் தெரியும். ஆளுக்குக் கெடுதல் என்றால் தெரியாது. நனைந்த பட்டாசு நஷ்டக் கணக்கில் வருகிறது. வெந்த மனிதன் நிவாரணக் கணக்கில் வருகிறான். முதல் கணக்கு முதலாளியுடையது, இரண்டாவது சர்க்காருடையது. யார் நஷ்டத்துக்கு யார் காத்திருப்பார்கள் என்பதைக் கண்டுகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை.

என் சித்தி ஒருத்தி இருக்கிறாள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் அவள் மருந்து செலுத்திக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறை பற்றியது. அவள் தப்பிவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு கையிலும் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிப்போய், ஒரு டம்ளர் காப்பியை மணிக்கட்டுகளுக்கு நடுவில் இடுக்கிக் குடிப்பதற்குத் தப்பிப்பது என்று பெயரானால், தப்பித்தாள். பாம்பனிலிருந்து திரும்பியதும் அவளிடம் அந்தப் பெரியவர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"அன்னைக்கும் காலையிலிருந்தே காத்து அனலாத்தான் இருந்துச்சு. வேண்டாமே, வீட்டுக்குப் போயிருவோமேன்னு எனக்குத் தோணுச்சு. போனா அன்னைக்குக் கூலி போயிருமேன்னு இருந்துட்டேன்."

எவ்வளவு கூலி என்று கேட்டேன். அறுபது ரூபாய் என்றாள்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லத்தான் நம்மிடம் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதே அறிக்கை: மருந்துக் கலவையில் உராய்வு, தொழிலாளரின் கவனக்குறைவு, விதிமீறல், போர்மேன் கைது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் மத்தியான வேளையில் நாற்பது பேரளவில் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில், அதுவும் மத்தியானம், இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். பிப்ரவரியும் செப்டம்பரும் கத்திரி வெயில் மாதங்கள் அல்ல என்று ஒரு புத்திசாலி குறுக்கே கேட்பார். வாஸ்தவம். எல்லாப் பழியையும் சூரியன் தலையில் போட நான் வரவில்லை. உள்குத்தகைக்கு விட்ட அறைகள், நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர், அனுமதி இல்லாத சரக்கு, இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தாய் வயிறு உண்டு: தீபாவளிக்குள் சரக்கு முடிய வேண்டும் என்ற முதலாளியின் அவசரமும், பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளின் அவசரமும். குரோஸ் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் நிதானம் என்பது அவள் சோற்றில் விழும் கை. வெயில் ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள் என்று சுவரில் எழுதி வைக்கலாம். குறைத்தால் குறைந்த கூலிதான் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதே! இரண்டில் எதைப் படிப்பாள்?

விதி இல்லையா என்றால் இருக்கிறது. இடியும் மின்னலும் நெருங்கினால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. வானிலை கெட்டால் நிற்க வேண்டும் என்ற தத்துவத்தை நாக்பூரில் உட்கார்ந்து உரிமம் கொடுக்கும் இலாகாவும் ஒப்புக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வெளியேற்றப்பட்டவளுக்கு அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்று விதி கேட்கவில்லை. கூலி இல்லாத விதி, விளக்கு இல்லாத ஸிக்னல். அதன் முன்னால் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு ஊதிவிட்டுக் கிளம்பிவிடும்.

"காத்திருப்பதற்கெல்லாம் கூலி கொடுத்தால் தொழில் உருப்படுமா?" என்று எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் திருப்பிக் கேட்கிறேன்: நம்மைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தீர்களா? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பதற்காக மனிதனைக் காத்திருக்கச் சொல்கிறது சர்க்கார். அதற்காகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறது. போதாது என்று மீனவர்கள் சண்டை போடுகிறார்கள், நியாயமான சண்டை. ஆனால் காத்திருப்பதும் ஒரு வேலை, அதற்கும் விலை உண்டு என்ற கொள்கை அங்கே நிலைத்துவிட்டது. எங்களுக்கு அடுத்த தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களுக்காக 5,000 ரூபாய் கொடுக்கிறார்கள். குஜராத்தில் சேவா என்ற பெண்கள் சங்கம், வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூலிக்காரப் பெண்களுக்குப் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸையே நடத்திக் காட்டியிருக்கிறது; வெயிலை அளப்பதற்குக் கருவி, கருவி சொன்னால் பணம். நடுவில் எந்த மேஸ்திரியின் தயவும் வேண்டியதில்லை.

மீனுக்குக் காத்திருந்தால் பணம் உண்டு. உப்புக்குக் காத்திருந்தால் உண்டு. வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் தன் உயிருக்காகக் காத்திருந்தால் மட்டும் கிடையாதா?

கணக்குப் பார்ப்பவர்களுக்குக் கணக்கே சொல்கிறேன். வருஷத்தில் இருபது நாள் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய். ஒருத்தி செத்துப்போனால் சர்க்கார் லட்சக் கணக்கில் நிவாரணம் அறிவிக்கிறது, முதலாளியும் கொடுக்கிறார், மந்திரி மாலையோடு வருகிறார். செத்தால் லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். சாகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் ஐந்நூறு கொடுக்கத் தயாராக இல்லை. இதுதான் எங்கள் குட்டி ஜப்பானின் கணக்கு! பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கென்று நலவாரியம் இருக்கிறது. ஒரு பெட்டிப் பட்டாசின் மேல் சில காசுகளைக் கூட்டி அந்த வாரியத்தில் போட்டால் டில்லிக்காரனும் பம்பாய்க்காரனும் தீபாவளி கொண்டாடாமல் இருந்துவிடப் போவதில்லை.

தொழிலை மூடச் சொல்கிறேன் என்று யாரும் திரித்துவிட வேண்டாம். மூடச் சொல்கிறவர்கள் வேறு ஊரில், குளிர்ந்த அறையில் இருக்கிறார்கள். என் சொந்தபந்தமெல்லாம் இந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறது. என் பள்ளிக்கூடச் சம்பளமும் இதிலிருந்து வந்ததுதான். நான் கேட்பது மிகச் சிறிய காரியம். வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் திருத்தங்கலிலும் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் வெயிலையும் ஈரத்தையும் அளக்கிற கருவியை மாட்டுங்கள். எந்த அளவைத் தாண்டினால் மருந்தைத் தொடக்கூடாது என்று விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்; அதில் நாவல் எழுதுகிறவனுக்கு வேலை இல்லை. தாண்டியதும் சிவப்பு விளக்கு எரியட்டும். எரிந்தால் மருந்து அறைகளைப் பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே வரட்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாழிகைக்கும் கூலி உண்டு என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். முதல் மூன்றையும் செய்துவிட்டுக் கடைசியை விட்டுவிட்டால், செய்யாமல் இருப்பதே மேல். ஏனென்றால் அந்த விளக்கின் மேல் முதலில் துணியைப் போட்டு மூடப்போகிறவள் என் சித்தியைப் போன்ற ஒருத்தியாகத்தான் இருப்பாள். அறுபது ரூபாய்க்காக இருந்தவள், ஐந்நூறு ரூபாய்க்காக இருக்க மாட்டாளா?

நாலாம் நாள் விடியற்காலையில் பாம்பனில் காற்று விட்டது. நான் கண் விழிக்கும் முன்பே துறை காலி. மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள்; பொத்தி முடித்த வலை இருந்த இடத்தில் கொஞ்சம் நூல் துண்டு கிடந்தது. நானும் குருசடைத் தீவைப் பார்த்தேன். நாவலுக்கு அது அப்படியொன்றும் உபயோகப்படவில்லை. சாயங்காலம் ரயிலேறுவதற்கு முன் துறைக்கு ஒரு தடவை போனேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கரையில் ஒரு சிறுமி விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றாள். எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"எல்லாம் வந்திருச்சு" என்றாள்.

எங்கள் ஊரில் கம்பெனி வேன் திரும்பும் நேரத்தில் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் தினமும் அதைச் சொல்ல வாய்க்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.